வழுவழுப்பான லீனியர் சுவிட்சுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக மெக்கானிக்கல் விசைப்பலகை கூட்டிக்கொள்ள முனைபவர்கள் பெட்டி, சுவிட்சுகளைத் தாங்கும் பிளேட், விரல் படும் தொப்பியான கீகேப் ஆகியவற்றை ஒருவாறு முடிவு செய்துவிட்டு, ஒவ்வொரு விசையின் அடியிலும் இருக்கும் சுவிட்ச் என்ற இடத்தில் வந்து திகைத்து நின்றுவிடுகிறார்கள். கடைகளின் பட்டியலில் லீனியர் சுவிட்சுகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ‘மிக வழுவழுப்பானது’ என்ற ஒரே வரிதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரிக்குள் என்ன இருக்கிறது, எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்பதைப் பற்றிப் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

லீனியர் சுவிட்ச் என்பது எது?

அழுத்தத் தொடங்கும் இடத்திலிருந்து அடிதொடும் இடம் வரை, நடுவில் மேடோ சொடுக்கோ இல்லாமல் ஒரே சீராக இறங்கும் சுவிட்ச் லீனியர் எனப்படும். நடுவில் விரலுக்குத் தெரியும்படி ஒரு மேடு இருந்தால் அது டேக்டைல். அந்த மேட்டோடு ‘டிக்’ என்ற ஒலியும் சேர்ந்தால் அது கிளிக்கி. இந்த வகைப்பாட்டின் மூலம் செர்ரி என்ற ஜெர்மானிய நிறுவனம் 1980-களின் முற்பாதியில் கொண்டுவந்த எம்எக்ஸ் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையின் கருப்பு சுவிட்ச் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ. ஆழத்தில் எழுத்தைப் பதிவு செய்யும், அந்த இடத்தில் 60 சென்டிநியூட்டன் அழுத்தம் கேட்கும். அதே அமைப்பில் இலகுவான ஸ்பிரிங் கொண்ட சிவப்பு சுவிட்ச் 45 சென்டிநியூட்டனில் 2008-இல் வந்தது. ஒரு சென்டிநியூட்டன் ஏறக்குறைய ஒரு கிராம் எடைக்குச் சமம் என்பதால், நடைமுறையில் எல்லோரும் கிராம் கணக்கிலேயே பேசுகிறார்கள். இந்தப் பக்கத்திலும் இனி அப்படியே.

கருப்பு என்றால் கனம், சிவப்பு என்றால் இலகு என்ற வழக்கத்தைப் பிற தயாரிப்பாளர்களும் ஓரளவு பின்பற்றினார்கள். இன்று வரும் சுவிட்சுகள் பலவற்றில் நிறத்திற்கும் எடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; நிறத்தைப் பார்த்து எதையும் ஊகிக்க வேண்டாம்.

‘வழுவழுப்பு’ என்று சொல்வது சுவிட்சின் உள்ளே எந்த இடத்தை?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும். ஒரு சுவிட்சைத் திறந்து பார்த்தால் உள்ளே ஐந்தே உறுப்புகள் இருக்கும்: மேல்மூடி, அடிக்கூடு, இவ்விரண்டுக்கும் நடுவே மேலும் கீழும் போய்வரும் ஸ்டெம், அதைத் தாங்கும் ஸ்பிரிங், அடிக்கூட்டின் ஒரு பக்கத்தில் நின்று மின்தொடர்பை ஏற்படுத்தும் லீஃப் என்ற மெல்லிய உலோகத் தகடு. உராய்வு எழும் இடங்கள் மூன்று.

முதலாவது, ஸ்டெம்மின் இரு விலாக்களிலும் உள்ள வரிகள் அடிக்கூட்டின் பள்ளங்களுக்குள் சறுக்கும் இடம். நாம் ‘கரகரப்பு’ என்று உணர்வதில் பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது. ஊசிமுனையால் மணலைக் கீறுவது போன்ற அந்த உணர்வுக்குக் காரணம் வார்ப்பு அச்சின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பு பிளாஸ்டிக்கில் அப்படியே பதிந்திருப்பதுதான்.

இரண்டாவது, ஸ்டெம்மின் முன்பக்கமுள்ள இரண்டு சிறு கால்கள் லீஃப் தகட்டைத் தொடும் இடம். விசை மேலே இருக்கும்போது அந்தக் கால்கள் தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கின்றன. விசை இறங்கும்போது பிடி தளர்ந்து தகடு எதிர்முனையைத் தொட்டு மின்தொடர்பு உண்டாகிறது. ஆகவே பயணத்தின் மேல்பாதியில் மட்டும் ஒரு சிறு உரசல் தெரிந்து, கீழ்ப்பாதியில் அது மறைந்தால் குற்றம் தகட்டுப் பக்கம் என்று கொள்ளலாம்.

மூன்றாவது ஸ்பிரிங். அழுத்தும்போது அது சற்றே முறுக்கிக்கொள்வதால் அதன் முனைகள் பிளாஸ்டிக்கில் உரசும்; விடும்போது மெல்லிய உலோக ரீங்காரம் எழும். இது விரலைவிடக் காதுக்கே அதிகம் தெரியும், ஆனால் பலர் இதையும் கரகரப்பு என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ஆட்டம் என்பது வேறு. கீகேப்பின் மூலையைப் பிடித்து அசைத்தால் ஸ்டெம் எவ்வளவு ஆடுகிறது என்பதே அது. கூட்டுக்கும் ஸ்டெம்முக்கும் இடைவெளி அதிகமானால் உராய்வு குறையலாம், ஆட்டம் கூடும். இடைவெளியை இறுக்கினால் ஆட்டம் நிற்கும், உராய்வு தலைகாட்டும். நல்ல சுவிட்ச் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் துல்லியமாக வார்க்கப்பட்டது. அதற்கு நல்ல பொருளைக் காட்டிலும் நல்ல அச்சு முக்கியம்.

ஒரே ஒரு மாதிரி சுவிட்ச் கையில் இருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலோர் இரு விரலுக்கு நடுவே சுவிட்சைப் பிடித்து வேகமாகப் பத்து முறை அழுத்திவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். வேகமாக அழுத்தினால் எந்தச் சுவிட்சும் வழுவழுப்பாகவே தெரியும். முதலில் அதன்மேல் ஒரு கீகேப்பைப் பொருத்துங்கள். கீகேப் இல்லாத சுவிட்ச் தரும் உணர்வு பொய்யானது. பிறகு ஒரு முழு அழுத்தத்துக்கு இரண்டு மூன்று நொடிகள் எடுக்கும்படி மிக மெதுவாக இறக்குங்கள். அடுத்ததாக, கீகேப்பின் நடுவை விட்டுவிட்டு நான்கு ஓரங்களிலும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். தட்டச்சு செய்யும்போது விரல் நேர்நடுவில் விழுவது அபூர்வம். மேல்வரிசைக்கு எட்டும் விரல் விசையின் கீழ் ஓரத்தில்தான் விழும். ஓரத்தில் அழுத்தும்போது ஸ்டெம் சாய்ந்து கூட்டின் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டே இறங்க வேண்டியிருக்கிறது. அப்போதும் தடுக்காமல் இறங்கினால் அந்தச் சுவிட்சை நம்பலாம்.

கடைசியாக, காதருகே வைத்து அழுத்தி, சட்டென்று விட்டுப் பாருங்கள். ரீங்காரம் கேட்டால் ஸ்பிரிங் காய்ந்திருக்கிறது என்று பொருள். இது எளிதில் சரிசெய்யக்கூடியது என்பதால் இதற்காக ஒரு சுவிட்சை நிராகரிக்க வேண்டியதில்லை.

எடையை எப்படித் தேர்வு செய்வது?

வழுவழுப்பைப் பற்றி யோசிக்கும் முன்னரே எடையை முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கரகரப்பைக் கிரீஸால் போக்கலாம், ஒலியைப் பிளேட்டாலும் பஞ்சாலும் மாற்றலாம். ஆனால் விரலுக்கு ஒவ்வாத எடை ஒவ்வொரு எழுத்திலும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

குழப்பம் இங்கே எண்களில் இருக்கிறது. ஸ்பிரிங் அழுத்த அழுத்தச் சீராகக் கனம் கூடுவது. தொடக்கத்தில் 35 கிராம், 4 மி.மீ. ஆழத்தில் 65 கிராம் கேட்கும் ஒரு ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு 7.5 கிராம் வீதம் கூடுவதால் எழுத்து பதிவாகும் 2 மி.மீ. ஆழத்தில் அது 50 கிராம் கேட்கும். இதே சுவிட்சை ஒரு கடைக்காரர் 50 கிராம் சுவிட்ச் என்பார். இன்னொருவர் 65 கிராம் என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. முன்னவர் பதிவு எடையைச் சொல்கிறார், பின்னவர் அடிதொடும் எடையைச் சொல்கிறார். செர்ரி, கேட்டரான் போன்ற பெரிய தயாரிப்பாளர்களின் விவரக்குறிப்பில் பெரும்பாலும் பதிவு எடை முன்னால் நிற்கும். தனியாக விற்கப்படும் ஸ்பிரிங்குகளிலும் சிறு விற்பனையாளர்கள் வடிவமைத்து வெளியிடும் சுவிட்சுகளிலும் அடிதொடும் எடையே பேசப்படும். ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே வகை எண்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சாதாரண அலுவலக விசைப்பலகையோ மடிக்கணினியோ பயன்படுத்தியவர்களுக்குப் பதிவு எடை 45 முதல் 55 கிராம் வரை உள்ளவை பொருத்தமாக இருக்கும். விரலை விசைகளின் மேல் ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் 45 கிராமுக்குக் கீழே போக வேண்டாம். லீனியரில் மேடு இல்லாததால் விரலின் சொந்த எடையிலேயே எழுத்துகள் விழத் தொடங்கும். ஒவ்வோர் எழுத்தையும் அடி தொடும்வரை குத்தித் தட்டுபவர்கள் அடிதொடும் எடை 65 முதல் 70 கிராம் உள்ளதை எடுத்தால், கீழே மோதும் அதிர்ச்சி குறைந்து விரல்மூட்டு நிம்மதி அடையும். கனமான ஸ்பிரிங்கில் இன்னொரு பலனும் உண்டு: திரும்பி எழும் வேகம் அதிகம். இலகுவான ஸ்பிரிங்கில் கிரீஸ் சற்றுக் கூடிவிட்டாலும் விசை மந்தமாக எழும்.

நீள ஸ்பிரிங் என்று எழுதியிருக்கிறார்களே?

வழக்கமான ஸ்பிரிங் ஏறக்குறைய 14 அல்லது 15 மி.மீ. நீளம் இருக்கும். 20 மி.மீ.க்கு மேற்பட்டதை அதே கூட்டுக்குள் அடைத்தால் அது தொடக்கத்திலேயே நன்கு அமுங்கியிருக்கும். எனவே ஆரம்ப எடை கூடி, ஆரம்பத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. மேலே சொன்ன கணக்கில் 35-இலிருந்து 65 வரை ஏறிய இடத்தில், இது 45-இலிருந்து 60 வரை மட்டுமே ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். விரலுக்குத் தட்டையான, சமமான உணர்வு கிடைக்கும். விசை துள்ளி எழும். சிலருக்கு இது பிடிக்கும். எனக்கு நீண்ட கட்டுரைகளைத் தட்டும்போது வழக்கமான ஸ்பிரிங்கே இதமாக இருக்கிறது, ஏனெனில் கூடிக்கொண்டே போகும் கனம் அடி நெருங்குவதை விரலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

பி.ஓ.எம்., நைலான், பாலிகார்பனேட்: பொருள் முக்கியமா?

ஒலிக்கு மிக முக்கியம். வழுவழுப்புக்கு ஓரளவு முக்கியம். பி.ஓ.எம். என்பது பற்சக்கரங்களுக்குப் பயன்படும், இயல்பாகவே உராய்வு குறைந்த பிளாஸ்டிக். பெரும்பாலான ஸ்டெம்கள் இதில்தான் செய்யப்படுகின்றன. கூடுகளுக்கு நைலான் பழைய, நம்பகமான தேர்வு: சற்றே மென்மையான பொருள் என்பதால் மோதலை உள்வாங்கிக்கொண்டு தாழ்ந்த ஒலி தரும். பாலிகார்பனேட் கண்ணாடி போலத் தெளிவானது, விளக்கொளி ஊடுருவும், ஒலி கூர்மையாக எழும். நைலான் அடிக்கூட்டின்மேல் பாலிகார்பனேட் மூடி என்ற கலப்பு மிகப் பரவலானது. யூ.பி.இ. எனச் சுருக்கமாகக் குறிப்பிடப்படும் அதி உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனில் ஸ்டெம் செய்தால் உராய்வு இன்னும் குறையும். ஆனால் அதைத் துல்லியமாக வார்ப்பது கடினம் என்பதால், கீகேப் பொருந்தும் இறுக்கம் சுவிட்சுக்குச் சுவிட்ச் மாறுபடுவதைக் காணலாம்.

பொருளின் பெயரை மட்டும் வைத்து வாங்குபவர்களுக்கு நாவல்கீஸ் கிரீம் சுவிட்ச் நல்ல பாடம். 2019-இல் கைல் நிறுவனத்தின் தயாரிப்பில் வந்த அந்தச் சுவிட்சில் கூடு, ஸ்டெம் எல்லாமே பி.ஓ.எம். தாள்களில் எழுதிப் பார்த்தால் இதைவிட வழுவழுப்பானது இருக்க முடியாது. கையில் வந்தபோதோ நன்றாகவே கரகரத்தது; நீண்ட நாள் பயன்படுத்தி, பரப்புகள் ஒன்றையொன்று தேய்த்து மெருகேறிய பிறகே அதன் உண்மையான குணம் வெளிப்பட்டது. அதன் அடர்த்தியான ஒலிக்காகப் பலர் அந்தக் காத்திருப்பைப் பொறுத்துக்கொண்டார்கள்.

பழைய செர்ரி கருப்பு சுவிட்சுகளை ஏன் தேடித் தேடி வாங்குகிறார்கள்?

அதே காரணத்தால்தான். வைஸ் நிறுவனத்தின் கணினி முனையங்களிலும் பழைய செர்ரி ஜி80 விசைப்பலகைகளிலும் பல ஆண்டுகள் உழைத்த சுவிட்சுகளில் ஸ்டெம்மும் கூடும் ஒன்றுக்கொன்று பழகிப்போய் இருக்கும். அவற்றைச் சர்க்யூட் பலகையிலிருந்து ஈயம் உருக்கிக் கழற்றி, கழுவி, புது ஸ்பிரிங் போட்டுப் பயன்படுத்துகிறார்கள். வேலை அதிகம், உள்ளே எவ்வளவு தூசு ஏறியிருக்கும் என்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. முதல் விசைப்பலகைக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லாங் போல் சுவிட்ச் என்றால் என்ன?

ஸ்டெம்மின் அடியில் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, அடிக்கூட்டின் நடுக்குழியில் இறங்குகிறது. சாதாரணச் சுவிட்சில் ஸ்டெம்மின் விலாப்பகுதிதான் முதலில் கூட்டில் மோதி நிற்கும். லாங் போல் வகையில் தண்டை நீட்டி, அதுவே முதலில் குழியின் அடியைத் தொடும்படி செய்திருப்பார்கள். அதனால் பயணம் 4 மி.மீ.யிலிருந்து சுமார் 3.5 மி.மீ. அளவுக்குக் குறைகிறது, ஒலி உயர்ந்து, தெளிவாக, உரக்கக் கேட்கிறது. இணையத்தில் ஒலிப்பதிவுகள் கேட்டு மயங்குகிறவர்கள் பெரும்பாலும் மயங்குவது இந்த ஒலிக்குத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அலுவலகத்திலோ குழந்தை உறங்கும் அறையிலோ இது மற்றவர்களுக்குத் தொல்லையாகும். இரண்டாவது, தண்டின் முனை ஒரு சிறு புள்ளியில் மோதுவதால் அடிதொடும் உணர்வு கடினமாக இருக்கும். அழுத்தித் தட்டுபவர்களின் விரல்நுனி மாலைக்குள் அதை உணர்ந்துவிடும்.

ஆலையிலேயே கிரீஸ் இட்டு வரும் சுவிட்ச் போதுமா?

இன்று பெரும்பாலும் போதும். முன்னர் சுவிட்ச் வாங்குவது என்பது பாதி வேலைதான். திறந்து, கிரீஸ் பூசி, மூடினால்தான் அது பயன்படுத்தத் தகுந்ததாகும். அந்த நிலை இப்போது மாறிவிட்டது. செர்ரி நிறுவனமே 2023-இல் வெளியிட்ட எம்எக்ஸ்2ஏ வரிசையில் ஆலையிலேயே மசகு இடுகிறது. ஸ்பிரிங்கையும் பீப்பாய் வடிவத்துக்கு மாற்றிவிட்டது. சீனத் தயாரிப்பாளர்களில் எச்எம்எக்ஸ் போன்றவர்கள் மிகக் குறைந்த கிரீஸை மிகச் சீராக இடுவதற்கே பெயர் பெற்றவர்கள்.

கேட்டரான் ஆயில் கிங் போன்ற சிலவற்றில் தாராளமாகவே கிரீஸ் இருக்கும். அவற்றின்மேல் நீங்களும் பூசினால் விசை சேற்றில் இறங்குவதாகத் தோன்றும். ஆகவே வாங்கியவுடன் தூரிகையை எடுக்காதீர்கள். ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, குறை தெரிந்த இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

ஆலைக் கிரீஸின் உண்மையான குறை அளவு அல்ல, சீரின்மை. பெட்டியிலிருக்கும் சுவிட்சுகளில் சில சற்றுக் காய்ந்தும் சில சற்று ஈரமாகவும் இருக்கலாம். பொருத்தும் முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து, ஐயத்துக்குரியவற்றை அதிகம் பயன்படாத விசைகளுக்கு ஒதுக்கிவிடுவது எளிய தீர்வு. ஸ்க்ரோல் லாக் விசை கரகரத்தால் யாரும் வருந்தப் போவதில்லை.

நானே கிரீஸ் பூச விரும்புகிறேன். எதை, எங்கே, எவ்வளவு?

லீனியருக்கு நெடுநாள் வழக்கில் இருப்பது கெமோர்ஸ் நிறுவனத்தின் க்ரைடாக்ஸ் ஜிபிஎல் 205, கிரேடு 0. இது வெண்ணிறக் கிரீஸ்; புளோரின் கலந்த எண்ணெயும் டெஃப்லான் தூளும் சேர்ந்தது; பிளாஸ்டிக்கை அரிக்காது, எளிதில் உலராது. இதைவிட நீர்த்தது வேண்டுமென்றால் டிரைபோசிஸ் 3203 அல்லது 3204. ஸ்பிரிங்குக்குத் தனியாக க்ரைடாக்ஸ் 105 எண்ணெய். சமையல் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், எல்லாமே தூசை இழுத்துப் பிசுபிசுப்பாகும்.

சுவிட்சைத் திறக்க அதற்கென்றே உள்ள சிறு திறப்பானை வாங்கிக்கொள்ளுங்கள். திருப்புளியால் நெம்பினால் மூடியின் கொக்கிகள் ஒடியும். மெல்லிய ஓவியத் தூரிகை ஒன்று போதும். கிரீஸில் தூரிகையின் நுனியை மட்டும் தோய்த்து, சிமிழின் விளிம்பில் இருபுறமும் வழித்துவிட்டு, அடிக்கூட்டின் இரு பள்ளங்களிலும் ஒரு முறை இழுங்கள். அடுத்து ஸ்டெம்மின் இரு விலா வரிகளிலும் ஒரு முறை. மீதமிருப்பதை ஸ்டெம்மின் மற்ற இரு பக்கங்களில் தடவலாம். லீனியர் என்பதால் ஸ்டெம்மின் கால்களில் தூரிகை பட்டும் படாமலும் ஒரு தொடுதல் தரலாம். டேக்டைல் சுவிட்சில் இதைச் செய்தால் மேடு மழுங்கிவிடும். விளக்கருகே சாய்த்துப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் மேல் ஈரப் பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். வெண்திட்டாகத் தெரிந்தால் அதிகம் என்று பொருள். உலர்ந்த தூரிகையால் வழித்து எடுத்துவிடுங்கள்.

லாங் போல் சுவிட்சில் தண்டின் முனையிலும் நடுக்குழியிலும் பூச வேண்டாம். பூசினால் எந்த ஒலிக்காக வாங்கினீர்களோ அது மங்கிவிடும். ஸ்பிரிங்குகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சில சொட்டு 105 எண்ணெய் விட்டு, காற்றோடு முடிச்சிட்டு நன்றாகக் குலுக்கினால் தனித்தனியே தடவும் வேலை மிச்சம். லீஃப் தகட்டின் தொடுமுனையில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது: க்ரைடாக்ஸ் சாதாரண வெப்பத்தில் பாதிப்பற்றது, மிக அதிக வெப்பத்தில் சிதைந்து நச்சுப் புகையாகும். கையில் ஒட்டியிருக்கும்போது புகைபிடிப்பதும், பூசிய சுவிட்சுக்கு அருகில் சால்டரிங் அயர்னை அலட்சியமாகக் கையாள்வதும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவிவிடுங்கள்.

பிலிம் போட வேண்டுமா?

மூடியும் அடிக்கூடும் சேரும் இடத்தில் வைக்கும் மெல்லிய தாள் அது. மூடியை விரலால் பிடித்து அசைத்தால் ஆடுகிறதென்றால் போடுங்கள், ஒலி இறுகும். ஆடவில்லை என்றால் போடாதீர்கள். மூடி சரியாகப் பூட்டாமல் போகும். புதிய அச்சுகளில் வரும் பெரும்பாலான சுவிட்சுகளுக்கு இது தேவையே இல்லை.

பெயர் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?

இன்றைய சுவிட்சுப் பட்டியல்கள் பழங்கள், விலங்குகள், மேகங்கள், இனிப்புகள் என்று விரிகின்றன. பெயரில் எந்தத் தகவலும் கிடையாது. அதனால் சில அடையாளக் கற்களை மட்டும் சொல்கிறேன். மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம்.

குறைந்த செலவில் தொடங்க கேட்டரான் மஞ்சள், குறிப்பாக ஆலையிலேயே மசகிட்டு வரும் புரோ வகை. பதிவு எடை 50 கிராம். விலை மலிவானவற்றில் ஒன்றாக இருந்தும், பல ஆண்டுகளாக எல்லோரும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் சுவிட்ச் இது. இதைப் பயன்படுத்திப் பார்க்காமல் இதைவிட மூன்று மடங்கு விலையுள்ளதை வாங்குவது அவசரம் என்பேன். வித்தியாசம் இருக்கும், ஆனால் விலை சொல்லும் அளவுக்கு இருக்காது.

ஆழ்ந்த ஒலியும் சற்றுக் கனமும் வேண்டுவோருக்கு கேட்டரான் ஆயில் கிங். ஜேடபிள்யூகே ஆலையிலிருந்து வந்த அல்பாகா, டாஞ்சரின் போன்றவை ‘மசகிடாமலே வழுவழுப்பு’ என்ற எதிர்பார்ப்பை ஒரு காலத்தில் உருவாக்கியவை. அதே ஆலை டூராக் என்ற பெயரிலும் விற்கிறது. உரத்த, தெளிவான ஒலியோடு பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பொருத்த வேண்டுமென்றால் எச்எம்எக்ஸ் தயாரிப்புகளைப் பாருங்கள். வேகப் பதிவு வேண்டும் விளையாட்டாளர்களுக்குச் செர்ரி ஸ்பீட் சில்வர் வகை உண்டு: 1.2 மி.மீ. ஆழத்திலேயே எழுத்து விழும். கட்டுரை எழுதுவோர் அதிலிருந்து விலகி நிற்பது நல்லது. விரல் பட்டாலே எழுத்து விழுந்துகொண்டிருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

தமிழ்99 முறையில் தட்டுபவர்களுக்கு உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி நிலைபெற்ற அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. அதில் வலது சுண்டுவிரலின் பொறுப்பைப் பாருங்கள்: ந, ய, ண, ச, ஞ, ழ ஆகிய அனைத்தும் அதன்மேல்தான் விழுகின்றன. ஆங்கிலத்தில் அரைப்புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி என்று எப்போதாவது தொடப்படும் விசைகள் தமிழில் வரிக்கு வரி வேலை செய்கின்றன. ஆகவே ஆங்கிலத்தில் 65 கிராம் ஸ்பிரிங் வசதியாக இருந்தவருக்கும், தமிழில் ஒரு பக்கம் தட்டியதும் சுண்டுவிரல் சோர்ந்துபோகலாம். எடையை ஒரு படி குறைத்துத் தேர்வு செய்யுங்கள். அல்லது வலது ஓரத்து விசைகளுக்கு மட்டும் இலகுவான ஸ்பிரிங் போடுங்கள். விரலுக்கேற்ப எடை மாற்றுவது புதிய யோசனை அல்ல. டோப்ரே நிறுவனத்தின் ரியல்ஃபோர்ஸ் விசைப்பலகைகளில் இத்தகைய வகை நெடுநாளாக இருக்கிறது.

மற்றொன்று, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் தமிழ்99-இல் முதல் மெய்யின் புள்ளி தானாக விழும். ‘பக்கம்’, ‘பட்டம்’, ‘அப்பா’ என்று ஒரே விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டும் தேவை தமிழில் மிக அதிகம். இதற்கு வேகமாக மீண்டெழும் ஸ்பிரிங் வேண்டும். கிரீஸ் மிகுந்து மந்தமாக எழும் சுவிட்சில் இரண்டாவது தட்டல் தவறிப் புள்ளியும் தவறும். நீள ஸ்பிரிங் பயன்படக்கூடிய இடம் இது.

காந்தச் சுவிட்சுகளும் லீனியர்தானே? அவற்றையே வாங்கிவிடலாமா?

ஆம், பெரும்பாலும் லீனியர்தான். ஸ்டெம்மில் பதித்த காந்தம் கீழே இறங்குவதை, பலகையிலுள்ள உணரி அளந்து எழுத்தைப் பதிவு செய்கிறது. உலோகத் தகடே இல்லாததால் அந்த உராய்வும் இல்லை. பதிவு ஆழத்தை மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். வூட்டிங் நிறுவனத்தால் விளையாட்டாளர்களிடையே பரவிய தொழில்நுட்பம் இது. ஆனால் அதற்கென்றே உருவாக்கிய பலகையில்தான் அவை வேலை செய்யும். சாதாரணப் பலகையில் பொருத்தினால் ஒன்றும் நடக்காது. எழுதுவதற்கு மட்டுமே விசைப்பலகை வேண்டுவோர் இதற்காகச் செலவைக் கூட்ட வேண்டியதில்லை.

மூன்று பின், ஐந்து பின் வேறுபாடு என்ன?

மின்தொடர்புக்கான இரண்டு உலோகக் கால்களும் நடுவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் காலும் இரண்டு வகையிலும் உண்டு. ஐந்து பின் வகையில் சுவிட்சை நேராக நிறுத்த இரண்டு பிளாஸ்டிக் கால்கள் கூடுதலாக இருக்கும். உங்கள் பலகையில் அவற்றுக்கான துளைகள் இருந்தால் ஐந்து பின் நல்லது. இல்லையென்றால் அந்தப் பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிடலாம். பலகையில் சுவிட்சின் விளக்குத்துளை உங்களுக்கு எதிர்ப்புறமாக, அதாவது மேல்நோக்கி அமைந்திருந்தால், செர்ரி வடிவக் கீகேப்கள் சில வரிசைகளில் சுவிட்சின் மூடியில் இடிக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; பயணம் குறைந்த லாங் போல் சுவிட்சுகள் பலவற்றில் இந்தத் தொல்லை வருவதில்லை.

எத்தனை வாங்க வேண்டும்?

60 சதவீத அமைப்புக்கு 61, வலப்பக்க எண் பகுதி இல்லாத டென்கீலெஸ் அமைப்புக்கு 87, முழு அமைப்புக்கு 104 என்பது அமெரிக்க அடுக்கின் கணக்கு. ஒன்றிரண்டு குறையோடு வரும், ஒன்றிரண்டு உங்கள் கையிலேயே வளையும். ஆகவே ஐந்தாறு கூடுதலாக வாங்கிவிடுங்கள். பின்னர் தனியாக ஐந்து சுவிட்ச் வாங்கும்போது தபால் செலவு சுவிட்சின் விலையைத் தாண்டிவிடும்.

பொருத்திய பிறகு சில விசைகள் எழுத்தே விழாமல் இருக்கின்றன, சில இரட்டிப்பாக விழுகின்றன. சுவிட்ச் கெட்டதா?

எழுத்தே விழாவிட்டால், முதலில் அந்தச் சுவிட்சைக் கழற்றிக் கால்களைப் பாருங்கள். ஈயம் உருக்காமலே சுவிட்சைச் செருகிக் கழற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் பலகைகளில் பத்துக்கு ஒன்பது முறை ஒரு கால் மடிந்து சுவிட்சின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடுக்கியால் நிமிர்த்தி, செங்குத்தாகப் பிடித்து மீண்டும் இறக்குங்கள். இறக்கும்போது பலகையின் பின்புறம் சாக்கெட்டுக்கு ஒரு விரலால் அணை கொடுங்கள். இல்லையேல் சாக்கெட்டே பெயர்ந்துவிடும்.

இரட்டிப்பாக விழுந்தால், நீங்கள் பூசிய கிரீஸ் தகட்டின் தொடுமுனையில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சுவிட்சைத் திறந்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியின் நுனியால் தொடுமுனையை ஒற்றி எடுத்து, உலர்ந்த பின் மூடுங்கள். ஆல்கஹால் இந்தக் கிரீஸைக் கரைக்காது, ஒற்றித் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதன் பின்னும் தொடர்ந்தால், பலகை க்யூஎம்கே மென்பொருளில் இயங்குவதாக இருக்கும் பட்சத்தில், இயல்பாக 5 மில்லிநொடியாக உள்ள டீபவுன்ஸ் அளவை, அதாவது தொடுமுனையின் அதிர்வை இன்னொரு தட்டலாக எண்ணாமல் பலகை காத்திருக்கும் நேரத்தை, சற்றுக் கூட்டிப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் வேறொரு சுவிட்சை அந்த இடத்தில் மாற்றி வையுங்கள். குறை சுவிட்சோடு இடம் மாறினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூடுதலாக வாங்கியதில் ஒன்றை எடுங்கள். குறை அதே இடத்தில் நின்றால் பார்க்க வேண்டியது சாக்கெட்டின் ஈயப்பற்றை.